மண்வாரியாக மாறும் ரோபோ: மூட்டுகளைப் பார்த்து வாங்குங்கள்

உட்காருங்கள் தம்பி, தே தாரிக் கொஞ்சம் ஆறட்டும். மகனுக்கு ஏழு வயது ஆகிறது, எக்ஸ்கவேட்டராக மாறும் ரோபோ பொம்மை கேட்கிறான், முப்பது வெள்ளிக்கும் இருக்கிறது, நூற்றைம்பது வெள்ளிக்கும் இருக்கிறது, எதை வாங்குவது என்று கேட்டீர்கள். கேட்டது நல்லதாகப் போயிற்று. பலரும் பெட்டியில் இருக்கும் படத்தைப் பார்த்தே வாங்கிவிடுகிறார்கள். இந்த வகைப் பொம்மையில் படத்துக்கு மதிப்பில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மடக்கி நீட்டப்போகும் சாமான் இது. மூட்டுகள் எத்தனை காலம் தாங்குமோ, பொம்மையின் ஆயுளும் அவ்வளவுதான்.

பையன் கார் கேட்காமல் மண்வாரி கேட்டதே உங்களுக்கு ஒரு வசதி. காரின் மேலோடு வழுவழுப்பானது; அதை ரோபோவாக்க வேண்டுமென்றால் கூரையையும் கதவையும் துண்டு துண்டாகப் பிரித்து எங்கேயாவது ஒளித்துவைக்க வேண்டும். எக்ஸ்கவேட்டர் அப்படியில்லை. பந்திங் சாலையோரம் வேலை நடக்கும்போது நின்று பாருங்கள்: உடலோடு சேரும் இடத்தில் ஒரு மூட்டு, கையின் நடுவில் ஒன்று, வாளி தொங்கும் இடத்தில் ஒன்று. தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ரோபோவுக்கு வேண்டியது எல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே முதல் சோதனையை வண்டி வடிவத்திலேயே செய்துவிடலாம். அந்த மூன்று இடமும் தனித்தனியே மடங்குகிறதா? வாளி கவிழ்கிறதா? கை முழுவதும் ஒரே வார்ப்பாக விறைத்துக்கொண்டிருந்தால் செலவைக் குறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மண் லோரி என்றால் தொட்டி சாய வேண்டும். சங்கிலிச் சக்கரம் பெரும்பாலும் சுற்றாது, அது வெறும் அச்சுதான். ஆனால் அடியில் சிறு உருளைகள் வைத்து மேசைமேல் ஓடும்படி செய்திருக்கிறார்களா என்று தள்ளிப் பாருங்கள். மண் அள்ளத் தெரியாத மண்வாரி பிள்ளைக்குச் சீக்கிரம் அலுத்துவிடும்.

இந்தப் பொம்மைகளின் கதையிலேயே நமக்குப் பாடம் இருக்கிறது. ஜப்பானின் தகாரா நிறுவனம் செய்துவந்த உருமாறும் பொம்மைகளை, 1984-இல் அமெரிக்காவின் ஹாஸ்புரோ ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. மறு ஆண்டே ‘கன்ஸ்ட்ரக்டிகான்ஸ்’ என்ற கட்டுமானக் கூட்டம் வந்தது. புல்டோசர், எக்ஸ்கவேட்டர், கிரேன், மண் லோரி, சிமெண்ட் கலவை லோரி, முன்புற வாளி வண்டி என ஆறு. ஆறும் ஒன்றோடொன்று சேர்ந்தால் டெவஸ்டேட்டர் என்ற ஒரே ராட்சதன். பச்சையும் ஊதாவும்தான் அவர்களின் நிறம். அழகான யோசனை, ஆனால் ராட்சதனின் முன்கைகளும் மார்புத் தகடும் தனித்தனித் துண்டுகள். ஒன்று அலமாரிக்கு அடியில் போனாலும் ராட்சதன் ஊனமாகிவிடுவான். பெட்டியில் எத்தனை உதிரித் துண்டுகள் என்று நான் முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான். துண்டு குறைவாக இருக்கும் பொம்மையே வீட்டில் முழுசாக இருக்கும்.

2015-இல் அதே டெவஸ்டேட்டர் ஏறக்குறைய 46 சென்டிமீட்டர் உயரத்தில் திரும்பி வந்தது. ஹாஸ்புரோ விற்ற பதிப்பில் தனித்தனி ரோபோக்களுக்கு முழங்கை மடங்கவில்லை. ஜப்பானில் தகாரா டோமி விற்ற பதிப்பில் முழங்கையைச் சேர்த்தார்கள். மற்றபடி ஏறக்குறைய ஒரே அச்சு, ஒரே உருவம். ஒரு மூட்டு கூடியதுமே அது வேறு தரத்துப் பொம்மையாகிவிட்டது.

மூட்டு என்றால் எல்லாம் ஒன்றல்ல. உராய்வினால் மட்டும் நிற்கும் மூட்டு நாளாக ஆகத் தளர்ந்துவிடும். மடக்கும்போது ‘டிக் டிக்’ என்று பல் கடிக்கும் மூட்டு இடுப்பிலும் தோளிலும் இருந்தால் நல்லது, பாரம் விழும் இடங்கள் அவை. பந்து மூட்டு கழன்று வந்தாலும் திரும்ப அமுக்கிவிடலாம். சிறு பிள்ளைகளுக்கு அது ஒரு பாதுகாப்புத்தான். பின்பக்கம் திருகாணிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். திருகாணி இருந்தால் கழற்றிச் சரிசெய்யலாம். மடிப்பின் ஓரத்தில் பிளாஸ்டிக் வெளுத்துக் கோடு விழுந்திருந்தால் அது ஏற்கெனவே விரிசலுக்குத் தயாராகிவிட்டது, வாங்காதீர்கள். உடலுக்கு ஏபிஎஸ் பிளாஸ்டிக் நல்லது. லெகோ கட்டைகளும் அதில்தான் செய்கிறார்கள். தங்க நிற மினுக்கு கலந்த பிளாஸ்டிக்கை மட்டும் சந்தேகத்தோடு பாருங்கள். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் வந்த அந்த வகைப் பொம்மைகள் பல, பெட்டிக்குள் சும்மா இருந்தே நொறுங்கிப்போனதைச் சேகரிப்பவர்கள் நன்றாக அறிவார்கள்.

ரோபோவாக மாற்றியதும் மேசைமேல் நிறுத்துங்கள். பிடிக்காமல் நிற்கிறதா? வண்டியின் பாதி பாகம் முதுகில் மூட்டையாகத் தொங்கி அதைப் பின்னால் சாய்க்கிறதா? எத்தனை படியில் மாறுகிறது என்பதையும் வயதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று முதல் ஏழு வயதுக்காரர்களுக்கென்று வந்த ‘ரெஸ்கியூ பாட்ஸ்’ வரிசையில் போல்டர் என்ற பச்சைப் புல்டோசர் சுலபமாக எழுந்து நிற்கும். ஏழு வயதுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல் வேலை இருக்கலாம். முப்பது படி உள்ளதை வாங்கினால் மாற்றிக்கொடுக்கும் வேலை உங்கள் தலையில்தான் விழும்; பொறுமை இழந்த பிள்ளை ஒருநாள் தப்பான பக்கம் முறுக்குவான்.

அடுத்தது முத்திரை. மலேசியாவில் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்குப் பாதுகாப்புத் தர விதிமுறை 2009-இல் வந்தது. அதன்படி தேறிய பொம்மையில் ‘எம்சி’ முத்திரை இருக்க வேண்டும். பாசார் மாலாமில் குவித்து வைத்திருக்கும் போலிகளில் அதைத் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால், சாயத்தில் ஈயம் இருக்கிறதா, மெதுமையான பாகத்தில் எந்த இரசாயனம் என்று யாரும் உங்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. வீட்டில் கைக்குழந்தையும் இருக்கிறதே, அதையும் மறக்காதீர்கள். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆபத்தான துண்டு எது என்று பார்க்க, 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு குழாயில் போட்டுப் பார்ப்பார்கள். முழுசாக உள்ளே அடங்கினால் அது தொண்டையை அடைக்கக்கூடும். ரோபோவின் துப்பாக்கிக் குண்டும் வாளிப் பல்லும் அந்த அளவுதான்.

இவ்வளவு சொல்வதற்கு நம் ஊரும் ஒரு காரணம். 2018 தொடக்கத்தில் சீனா பிளாஸ்டிக் கழிவை வாங்குவதை நிறுத்தியபின் அது இங்கே கோல லங்காட் வட்டாரத்துக்கு வந்து குவிந்தது. உரிமமில்லாத ஆலைகள் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே முளைத்தன. இராத்திரியில் எரித்த புகையை இந்த வட்டாரத்தின் ஜெஞ்சாரோம் மக்கள் சுவாசித்தார்கள், புகார் செய்தார்கள், விடாமல் போராடி ஆலைகளை மூட வைத்தார்கள். மூடியபிறகும் 17,000 டன் குப்பை இங்கேயே கிடந்ததாகச் செய்தி வந்தது. உடைந்த ரோபோ மறுசுழற்சிக்கு மிகவும் கஷ்டமான சாமான், தம்பி. ஏபிஎஸ், மெதுமையான பிவிசி, இரும்பு ஊசி, சாயம் எல்லாம் ஒன்றாக இறுகிக் கிடக்கும்; பிரித்தெடுக்கும் கூலிக்கே கட்டாது. ஆகவே அது எங்கேயோ புதைகிறது, இல்லை எரிகிறது.

ஆகவே என் தீர்ப்பைக் கேட்டால், மூன்று மலிவானதற்குப் பதில் ஒன்று நல்லதாக வாங்குங்கள். விலை அதிகம் என்பதற்காக மட்டும் வாங்கிவிடாதீர்கள். கடைக்காரரிடம் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், அங்கேயே ஒரு தடவை வண்டியிலிருந்து ரோபோவாகவும் ரோபோவிலிருந்து வண்டியாகவும் மாற்றிப் பாருங்கள். திறக்க மறுத்தால், எம்சி முத்திரை இல்லாவிட்டால், அடுத்த கடைக்குப் போங்கள்.