மூளை ஒதுக்கிவைக்கும் கண்

மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியானாலும் தமிழகத்தின் வேறெந்த ஊரானாலும், மாறுகண் உள்ள குழந்தையை ‘அதிர்ஷ்டக் குழந்தை’ எனக் கொஞ்சுவோர் இன்றும் உளர். அவ்வேளையில் அக்குழந்தையின் ஒரு கண் பார்வையை இழந்துகொண்டிருக்கக்கூடும். அது எவ்வாறு என்பதைக் காண்போம்.

இரு கண்களிலும் விழும் உருவங்கள் சற்றே வேறுபட்டவை. அவை ஒன்றாகத் தெரிவதேன் என்பதை முறையாகச் சோதித்தவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம் (ஏறத்தாழ கி.பி. 965–1040). ‘கிதாபுல் மனாளிர்’ நூலின் மூன்றாம் பாகத்தில், கோடுகள் வரைந்த பலகையை மூக்கருகே பொருத்தி, அதன்மேல் மெழுகுத் துண்டுகளை நிறுத்தி, எது ஒன்றாகவும் எது இரண்டாகவும் தோன்றுகிறது என விளக்குகிறார்.

உருவங்கள் முற்றிலும் வேறுபட்டால் என்னாகும்? இத்தாலியரான போர்ட்டா, ஒவ்வொரு கண்ணுக்கும் முன் வெவ்வேறு நூலை வைத்துப் பார்த்ததை 1593இல் எழுதினார். ஒரு நேரத்தில் ஒன்றையே அவரால் படிக்க முடிந்தது. போட்டியிடும் இரு செய்திகளுள் ஒன்றை மூளை அடக்கிவிடுகிறது. சற்று நேரத்தில் அடங்கியது மேலெழ, மற்றது மறைகிறது. வளர்ந்தோரிடம் இது மாறி மாறி நிகழ்வதால் கேடில்லை.

குழந்தையின் நிலை வேறு. ஒரே கண் எப்போதும் விலகியிருப்பின், இரட்டைக் காட்சியைத் தவிர்க்க மூளை அக்கண்ணையே தொடர்ந்து அடக்குகிறது. நடுவயதில் திடீரென மாறுகண் வந்தவர் ‘எல்லாம் இரண்டாகத் தெரிகிறதே’ என்று மருத்துவரிடம் ஓடுவார். குழந்தையோ முறையிடாது; அதற்கு எல்லாம் ஒன்றாகவே தெரிகிறது. நாட்பட நாட்பட, விழியில் பழுதேதும் இல்லாமலே அக்கண்ணின் பார்வை குன்றுகிறது. இதையே ‘சோம்பல் கண்’ என்பர் (சோம்பல் கண்ணுடையதன்று என்பது வேறு செய்தி). பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்து ஆராய்ந்த ஹியூபலும் வீசலும், இளமையில் பயன்படாத கண்ணுக்குரிய மூளைத் தொடர்புகள் நலிவதைக் காட்டினர். வளர்ந்த பூனைகளில் அவ்வாறு நிகழவில்லை. பார்வை மண்டல ஆய்வுகளுக்காக 1981இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர்.

ஆகவே காலமே இங்கு மருந்து. தேவையான கண்ணாடியும், நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மறைத்து மற்றதை உழைக்கச் செய்வதும் ஏழு வயதுக்குள் மிகுந்த பலன் தரும். பின்னர் பலன் குறையும். அறுவை மருத்துவம் கண்ணை நேராக்கும். இழந்த பார்வையை அது மட்டும் மீட்காது. 1819இல் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை கருங்குழியாருக்கு எட்டாத தொலைவன்று.

வீட்டிலேயே ஓர் அறிகுறியைக் காணலாம். குழந்தையின் கண்களை ஒவ்வொன்றாகக் கையால் மறைத்துப் பாருங்கள். பார்வை குன்றிய கண்ணை மறைத்தால் அது பொருட்படுத்தாமல் விளையாடும். நல்ல கண்ணை மறைத்தாலோ சிணுங்கிக் கையைத் தட்டிவிடும்.