கோட்டை கட்டிய அணுக்கரு

நிலவைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றினால், "நிலா கோட்டை கட்டியிருக்கிறது, மழை வரும்" என்று தோட்டப்புற முதியவர்கள் கூறுவர். அணுவின் நடுவே உள்ள அணுக்கருக்களுள் சிலவும் இப்படிக் கோட்டை கட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஒளிவட்ட அணுக்கருக்கள் என்பர்.

அணுக்கருவில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் நெருங்கிச் செறிந்திருக்கும். இத்துகள்களின் எண்ணிக்கைக்கு ஏற்பவே கருவின் அளவும் சீராகக் கூடும் என அறிவியலாளர் நெடுங்காலம் கருதினர். 3 புரோட்டான்களும் 8 நியூட்ரான்களும் கொண்ட லித்தியம்-11 இக்கருத்தை அசைத்துவிட்டது. ஆனால், உண்டான லித்தியம்-11 கருக்களில் பாதி, ஒரு வினாடியின் நூற்றில் ஒரு பங்கு நேரத்திற்குள்ளேயே சிதைந்துவிடும். கண்ணுக்கும் தெரியாத, நிலைத்தும் நிற்காத ஒன்றை எப்படி அளப்பது?

மோதவிட்டுத்தான்! இருட்டில், இரப்பர் மரங்களுக்கிடையே நூறு பந்துகளை எறிவதாக வைத்துக்கொள்வோம். சிறிய பந்துகளில் பெரும்பாலானவை எதிலும் படாமல் மறுபுறம் போய்விடும். பெரிய பந்துகளோ மரங்களில் மிகுதியாக மோதும். மறுபுறம் வந்து சேர்ந்தவற்றை எண்ணினாலே, பந்தின் பருமனைக் கணித்துவிடலாம்.

ஜப்பானிய இயற்பியலாளர் இசாவோ தனிஹாத்தாவின் குழு, அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் செய்ததும் இதுவே. முதலில் கனமான கருக்களைப் பெரிலியத்தில் மோதவிட்டுச் சிதறடித்தனர். அச்சிதறல்களிலிருந்து லித்தியம்-11ஐப் பிரித்தெடுத்து, கார்பன் போன்ற இலக்குகளின்மீது பாய்ச்சினர். 1985இல் வெளியான முடிவு வியப்பூட்டியது. மோதிச் சிதைந்தவை எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். லித்தியம்-9ஐவிட இரண்டே நியூட்ரான்கள் கூடுதல். அதற்கு இவ்வளவு பருமனா?

இதற்கான விளக்கத்தை 1987இல் ஹான்சன், யோன்சன் எனும் இருவர் அளித்தனர். அவ்விரண்டு நியூட்ரான்களும் மிகத் தளர்வாகவே பிணைக்கப்பட்டுள்ளன. அதனால், நடுப்பகுதியை விட்டு வெகுதூரம் விலகி, மெல்லிய ஒளிவட்டமாகப் பரவியுள்ளன. அப்பரவலையும் சேர்த்தால், 208 துகள்கள் கொண்ட ஈயக் கருவுக்கு ஏறக்குறைய ஈடாகிவிடுகிறது இச்சிறு கரு! மேலும், ஒன்றன்மீது ஒன்று சாய்த்து நிறுத்திய மூன்று கழிகளை நினைத்துப் பாருங்கள். ஒன்றை உருவினால் மற்றவையும் விழும். இங்கும் அப்படித்தான், ஒரு நியூட்ரானை நீக்கினால் மற்றொன்றும் நில்லாது.

மோதல் ஆய்வு இன்னும் நுட்பமாகியுள்ளது. கனடாவின் டிரையம்ஃப் ஆய்வகத்தில், இந்தியாவைச் சேர்ந்த ரிதுபர்ணா கனுங்கோ தலைமையிலான குழு, லித்தியம்-11ஐ உறைந்த கன ஹைட்ரஜன்மீது மோதவிட்டது. நடுப்பகுதியும் ஒளிவட்டமும் ஒன்றுக்கொன்று எதிராக ஊசலாடுவதற்கான சான்றை அக்குழு 2015இல் வெளியிட்டது.