ஒட்டாத பூச்சு எங்கே போகிறது?

கொஞ்ச காலம் புழங்கிய நான்-ஸ்டிக் தவாவைப் பாருங்கள். தோசைத்திருப்பி ஓடிய தடத்தில் கறுப்பு உரிந்து அலுமினியம் பல்லிளிக்கும். உரிந்ததில் கொஞ்சம் சாக்கடைக்கு, கொஞ்சம் நம் வயிற்றுக்கு.

அந்தப் பூச்சு பிடிஎஃப்இ என்ற, ஃபுளூரின் உள்ள பிளாஸ்டிக். 1938இல் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில், வாயு அடைத்த சிலிண்டருக்குள் தற்செயலாகக் கிடைத்த வெள்ளைப் பொடி. எதிலும் ஒட்டாததைப் பாத்திரத்தில் மட்டும் எப்படி ஒட்டுவது? உலோகத்தைச் சொரசொரப்பாக்கி, பிடிமானத்துக்கு அடிப்பூச்சு கொடுத்து, மேலே இதைப் பூசிச் சூளையில் சுடுகிறார்கள். பள்ளங்களைக் கவ்விக்கொண்டு நிற்கிறதே தவிர, ஒட்டவில்லை. உரியாமல் என்ன செய்யும்?

இயற்கையிலும் ஒட்டாத பரப்புகள் உண்டு. தாமரை இலையில் நீர் முத்தாக உருண்டு தூசியையும் அள்ளிக்கொண்டு போகும். காரணம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவிலான மேடுகளும் அவற்றின் மேல் மெழுகும். ஆய்வுக்கூடங்களும் இதை நகலெடுத்துவிட்டன. ஆனால் விரலால் அழுத்தித் தேய்த்தாலே பல நகல்களில் மேடுகள் நொறுங்கிவிடும். இலைக்கோ மெழுகு மறுபடி சுரக்கும்.

2011இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பூச்சியைச் சறுக்கி விழவைக்கும் குடுவைத் தாவரத்தைப் பின்பற்றினார்கள். (நம் மேகாலயாவிலும் ஓர் இனம் உண்டு.) நுண்துளைப் பரப்பில் எண்ணெயை ஊறவைத்தார்கள். கீறினால் எண்ணெய் தானே ஓடிவந்து மூடிக்கொள்ளும். ரத்தம், பனிக்கட்டி எதுவும் ஒட்டாது. சபாஷ்! ஆனால் அவர்கள் ஊற்றியதும் ஃபுளூரின் எண்ணெய்தான்.

என் கவலையே இந்த ஃபுளூரின்தான். கார்பனோடு அது போடும் முடிச்சை மண்ணும் நீரும் எளிதில் அவிழ்ப்பதில்லை. பிடிஎஃப்இ தயாரிப்பில் நெடுங்காலம் சேர்த்துவந்த பிஎஃப்ஓஏ என்ற ஃபுளூரின் சேர்மம் ரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கும். ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் 2019இல் அதை ஒழிக்கவேண்டிய பட்டியலில் சேர்த்தன. 2023இல் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டது. பூச்சுத் துகள் செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும் என்கிறார்கள் துறையினர். சரி, வெளியேறி எங்கே போகும்?

இரும்புத் தோசைக்கல்லிலும் ஒட்டாத பூச்சு உண்டு. நல்லெண்ணெய் தடவித் தடவிச் சூடேற்றினால் எண்ணெய் இறுகிப் படலமாகிவிடும். கல்லைப் பழக்குவது என்பது இதுதான். சுரண்டிப் போனாலும் ஒரு கரண்டி எண்ணெயில் மறுபடி பழக்கிவிடலாம். உழைக்கும் பூச்சு தேடுகிறவர்கள் அழியாததைவிட, இப்படிப் புதுப்பிக்க முடிவதைத் தேடலாமே?

கடையிலோ 'பிஎஃப்ஓஏ இல்லை' என்று ஸ்டிக்கர் ஒட்டிய தவாக்கள் வரிசைகட்டி நிற்கின்றன. அதற்குப் பதிலாக எதைச் சேர்த்தார்கள் என்று நான் புரட்டிய அட்டை எதிலும் இல்லை.