திரையில் இல்லாத “ஆம்”

“வந்தான்” என்பதற்கும் “வந்தானாம்” என்பதற்கும் இடையே உள்ளவை இரண்டே எழுத்துக்கள். முன்னது கண்டவன் கூற்று. பின்னது கேட்டவன் கூற்று. குற்றக் கதையை நாடகமாக்குவோர்க்கு இவ்விரண்டெழுத்தே பெருஞ்சிக்கல் என்பதை அண்மையில் உணர்ந்தேன்.

அட்டனில் என் பழைய மாணவர் ஒருவர் இல்லத்தில் ‘தி ஹன்ட்’ என்னும் தொடர்நாடகத்தின் ஏழு பகுதிகளையும் பார்த்தேன். செய்தியாளர் அனிருத்ய மித்ரா 2022-இல் வெளியிட்ட ‘நைன்டி டேஸ்’ என்னும் ஆங்கில நூலைத் தழுவி, நாகேஷ் குக்குனூர் இயக்கியது. 2025 சூலையில் சோனி லிவ் தளத்தில் வந்தது. 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டமையும், டி. ஆர். கார்த்திகேயன் தலைமையிலான புலனாய்வுக் குழுவின் தேடலும், ஆகஸ்டில் பெங்களூரை அடுத்த கோணனகுண்டேயில் சிவராசன் பிணமாகக் கிடைத்தமையும் அதன் பொருள். குண்டில் ஒளிப்படக்காரர் மாள, அவர் கருவியிலிருந்த படச்சுருள் அழியாது தப்பி வழக்கிற்கு முதற்சான்றாயிற்று. கற்பனைக் கதையில் இதை எழுதினால் நம்புவார் யார்?

ஆயினும் ஒன்று நெருடுகிறது. 1998-இல் இவ்வழக்கில் இருபத்தறுவர்க்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அவருள் பத்தொன்பதின்மரைக் கொலைக்குற்றத்தினின்று விடுவித்தது. எஞ்சிய எழுவரும் 2022-இல் விடுதலையாயினர். நூலாசிரியர் “என்று குழு கருதியது” என ஒரு தொடர் சேர்த்து ஐயத்தைக் காக்கலாம். நடிகர் எவ்வாறு காப்பார்? அவர் கதவைத் திறந்தால் திறந்ததுதான். “திறந்தாராம்” என்று நடிக்க இயலாது.

இளங்கோவடிகளை நினைக்கிறேன். குன்றக் குறவர் தாம் கண்டதைச் சொல்ல, சாத்தனார் முன்நிகழ்ந்ததைச் சொல்ல, அவற்றைக் கேட்டுக் காப்பியம் செய்ததாகப் பதிகம் கூறும். மலைநாட்டில் தமிழ் கற்பிக்கும் எனக்கு அக்குறவர்மீது தனிப் பற்றுண்டு, அது கிடக்கட்டும். சொன்னவர் இன்னார் என்பது அங்கே மறைக்கப்படவில்லை. அக்காப்பியத்திலோ, பொற்கொல்லன் சொல்லை ஆராயாது கொண்டமையால் அன்றோ கோவலன் உயிர் போயிற்று!

நாடகத்தில் வாராத ஒன்றை மாணவர் சொன்னார். சாஸ்திரி – சிறிமா உடன்படிக்கையின்படி கோத்தகிரி சென்ற அவர் தாய்மாமன், அந்த 1991-இல் பல திங்கள் கடைவீதியில் வாய் திறவாது, சாமான்களை விரலாற் சுட்டியே வாங்கினாராம். இலங்கைப் பேச்சு வெளிப்படும் என்னும் அச்சம்.

கொழுந்து பறித்து ஓய்ந்த மாணவரின் தாயார், திரையில் ஓர் இளம்பெண் கைதாவதைக் கண்டு, “இந்தப் புள்ளையும் சேந்து செஞ்சிச்சாமா, வாத்தியாரய்யா?” என்று வினவினார்.

திரையில் இல்லாத “ஆம்” அவர் வாயில் இருந்தது. தொடரை நிறுத்தச் சொல்லிவிட்டு, 1999-இன் தீர்ப்பைக் கூறத் தொடங்கினேன்.