ஒரு நாள் முந்தி வந்த வாழ்த்து

ஆகஸ்ட் 15 என் பிறந்த நாள். கொடியேற்றுகிற நாள் என்பதால் யாருக்கும் மறக்காது. ஆனால் நான் துணி எடுக்கும் கடையிலிருந்து வருஷா வருஷம் 14-ஆம் தேதியே வாழ்த்து மெயில் வந்துவிடும். உள்ளேயும் ‘ஆகஸ்ட் 14 அன்று பிறந்த நாள் காணும் உங்களுக்கு’ என்றே இருக்கும். இப்படிப்பட்ட மெயில்களுக்கு டெம்ப்ளேட் எழுதும் தம்பி ஒருவனிடம் டீக்கடையில் அதைக் காட்டினேன்.

“டேட்டா தப்பா ஏத்தியிருப்பாங்க அண்ணே.”

டேட்டா சரியாகவே இருந்திருக்கும். கணினி பல இடங்களில் தேதியை ஒரு நொடியாகத்தான் சேமிக்கிறது. ஆகஸ்ட் 15 பிறக்கும் நள்ளிரவு 12 மணி என்று பதிந்ததை யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றினால், ஐந்தரை மணி நேரம் பின்னால் போய் ஆகஸ்ட் 14 மாலை 6.30 ஆகிவிடும். டெம்ப்ளேட் அதிலிருந்து தேதியை மட்டும் கிள்ளி எடுத்தால் 14தானே வரும்? பிறந்த நாளுக்கு மணி எதற்கு? வெறும் தேதியாகவே சேமிப்பது உத்தமம். ஏற்கெனவே நொடியாகச் சேமித்தாயிற்று என்றால், இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டுத்தான் அச்சிட வேண்டும்.

அடுத்தது, தேதியை எந்த வடிவில் அச்சிடுவது என்று சொல்லும் எழுத்துகள். ஷாப்பிஃபை உருவாக்கிய லிக்விட் மொழியில் இரட்டை நெளி அடைப்புக்குள் புலத்தின் பெயர், ஒரு நெட்டுக்கோடு, பிறகு டேட் ஃபில்டர். அதற்குச் சதவீதக் குறி போட்ட எழுத்துகளைக் கொடுக்கிறோம். சின்ன எம் என்றால் மாதம். பெரிய எம் என்றால் நிமிடம். மாற்றிப் போட்டால் என் 6.30 மணிக்கு முப்பதாவது மாதம் வரும்! ஜாவாவில் இது நேரெதிர். அங்கே பெரிய ஒய் இன்னும் பொல்லாதது: அது வாரக் கணக்கில் ஆண்டைச் சொல்லும். 2024 டிசம்பர் 30-ஐ 2025 டிசம்பர் 30 என்று காட்டும். வருஷமெல்லாம் ஒழுங்காக இருந்துவிட்டுக் கடைசி வாரத்தில் காலை வாரும். பெரிசு சின்னது இல்லாத எழுத்தில் படித்து வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் அநியாயம்தான்.

தமிழில் மெயில் அனுப்பினால் மாதப் பெயர் இன்னொரு வேலை. லிக்விட் தன் போக்கில் ஆங்கிலப் பெயரைத்தான் தரும். பன்னிரண்டு தமிழ்ப் பெயர்களையும் காற்புள்ளி போட்டு எழுதி, ஸ்ப்ளிட் ஃபில்டரால் வரிசையாக்கி, மாத எண்ணை வைத்து எடுக்க வேண்டும். வரிசை பூஜ்யத்தில் தொடங்குவதால் எண்ணில் ஒன்றைக் கழிக்கணும். மறந்தால் மார்ச்சுக்கு ஏப்ரல் வரும், டிசம்பருக்கு ஒன்றுமே வராது. ஒரு லாபமும் உண்டு. ஆங்கிலத்தில் 1, 2, 3, 11 என்று எண்ணுக்கு எண் வால் மாறும். நமக்கு எல்லாவற்றுக்கும் ‘-ஆம் தேதி’ ஒன்றே போதும். சதவீதக் குறிக்கும் டி-க்கும் நடுவே சிறு கோடு போட்டால் 05 என்பது 5 ஆகிவிடும்.

தேதியே இல்லாத வாடிக்கையாளரும் இருப்பார். அவருக்கு ‘உங்கள் சலுகை அன்று முடிகிறது’ என்று மொட்டையாகப் போகும். சில மென்பொருள்களில் 1970 ஜனவரி 1 என்று போகும். தேதி இருந்தால் மட்டும் அந்த வாக்கியம் வரட்டும் என்று ஒரு இஃப் போட்டுவிடுங்கள்.

லட்சம் பேருக்கு அனுப்பும் முன் மூன்று பேருக்கு அனுப்பிப் பாருங்கள்: தேதி இல்லாதவர், டிசம்பர் 30-காரர், நள்ளிரவு 12 மணி பதிவானவர்.