கண்டிக்கு வந்த முடியும் பானமும்

கண்டித் தலதா மாளிகையை அடுத்து, சித்திர வேலைப்பாடமைந்த மரத்தூண்கள் தாங்கி நிற்கும் மகுல் மடுவ என்னும் அரச மண்டபத்தை நேயர்களுட் பலர் கண்டிருப்பர். 1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் நாள், அங்கேதான் மலைநாட்டு அரசுரிமை பிரித்தானிய மன்னர் மூன்றாம் ஜோர்ஜுக்கு உரியதென ஓர் உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் அவன் குடும்பத்தாரும் முடியுரிமை இழந்தனர் என்றதோடு அது நிற்கவில்லை. 'மலபார்' இனத்தாருக்குக் கண்டி இராச்சியத்தின்மீது இருந்த உரிமை யாவும் ஒழிக்கப்பட்டதாகவும் கூறிற்று. தென்னிந்தியரை, சிறப்பாகத் தமிழரை, அக்காலத்து ஆங்கிலேயர் அப்பெயராற் குறித்தனர். அந்நியன் என்று ஒருவனை இறக்கிவிட்டு ஏற்றப்பட்ட மன்னர் எந்த மரபினர் என்று வினவுவது தவறாகாதன்றோ?

முதலில் இறக்கப்பட்டவன் மரபைப் பார்ப்போம். கண்டி மன்னர் மதுரை நாயக்கர் குலத்திற் பெண்கொள்வது வழக்கம். 1739இல் நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய மைந்தனின்றி இறக்கவே, அரசியின் உடன்பிறந்தான் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்னும் பெயரோடு முடிசூடினான். பௌத்தத்தைத் தழுவிய பின்னரே அவன் ஆளமுடிந்தது. அடுத்து வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனோ, 1753இல் சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதை என்னும் துறவுநெறியை மீட்டுக் கொடுத்தான். கண்டி நகருக்கு இன்றும் அழகு செய்யும் ஏரியை வெட்டுவித்தவன் இம்மரபின் கடைசி மன்னன்.

இதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் முன்னர், 1714இல், இலண்டனிலும் இதே கதை நடந்தது. ஆன் அரசி பிள்ளைகள் எவரும் எஞ்சியிராது இறந்தார். நெருங்கிய உறவினர் பலர் இருந்தும், அவர்கள் கத்தோலிக்கர். புரட்டஸ்தாந்து சமயத்தவரே முடிசூடலாம் என்பது 1701இல் இயற்றப்பட்ட சட்டம். ஆதலின் ஜெர்மன் நாட்டு ஹனோவரில் ஆண்டுகொண்டிருந்தவர் முதலாம் ஜோர்ஜ் எனப் பட்டம் பெற்றார். அவருக்கு உரிமை வந்தது தாய்வழியில். தாய் சோபியா, சோபியாவின் தாய் எலிசபெத்து, எலிசபெத்தின் தந்தை ஜேம்ஸ். ஸ்கொத்லாந்தில் ஆறாம் ஜேம்ஸாக இருந்து, 1603இல் இங்கிலாந்துக்கு முதலாம் ஜேம்ஸ் ஆனவர் அவரே. மூன்றாம் ஜோர்ஜ், முதலாம் ஜோர்ஜின் கொள்ளுப்பேரர். ஆகக் கண்டிச் சிம்மாசனத்தில் மதுரைக்குப் பதிலாக வந்தமர்ந்தது, ஜெர்மனி வழியாக வந்த ஸ்கொத்லாந்து மரபு. இரு குலங்களும் பெண்வழி உறவினாலேயே அரசேறின. இரண்டும் நாட்டுச் சமயத்துக்குக் கட்டுப்பட்டன. ஒன்று மட்டும் அந்நியம் எனப்பட்டது.

அந்த ஸ்கொத்லாந்து அரசமரபோடு ஒரு பானமும் பிணைந்துள்ளது. ஆறாம் ஜேம்ஸின் முப்பாட்டனார்களுள் ஒருவர் நாலாம் ஜேம்ஸ். 1494ஆம் ஆண்டு அவருடைய அரண்மனைக் கணக்கில், மன்னர் ஆணைப்படி சாராயம் வடிக்க ஜோன் கோர் என்னும் துறவிக்கு முளைகட்டிய வாற்கோதுமை வழங்கிய செய்தி காணப்படுகிறது. அந்நாட்டு மொழியில் அதன் பெயருக்கு உயிர்நீர் என்பது பொருள். அப்பெயரின் முற்பகுதி மருவியதே விஸ்கி. மலைநாட்டுக்கு வந்த ஸ்கொத்லாந்துத் துரைமார் அதை மறவாது உடன் கொண்டுவந்தனர். அதை அவர்களிடமே விட்டுவிடுவோம்; நம் இல்லங்களுக்கு ஏற்றது அவர்களுள் ஒருவர் தந்த வேறொரு பானம்.

ஜேம்ஸ் டெயிலர் 1852இல், இருபது வயது நிரம்பாத இளைஞராய் இலங்கைக்கு வந்தவர். கண்டிக்கு அருகே ஹேவாஹெட்ட மலைப்பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தொழிற்சாலையேது? பங்களா விறாந்தையில் மேசையிட்டுக் கொழுந்தைக் கையாற் சுருட்டி, கரியடுப்பில் வாட்டினர். 1869இல் தோன்றிய இலைநோய் நாளடைவிற் கோப்பியை அழித்தபோது, மலைநாடு அவர் காட்டிய வழியே சென்றது.

சுருட்டிய கைகள் யாருடையவை? முடியிழந்த மன்னன் 1816இல் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். அவன் ஆண் உறவினர் கண்டி நாட்டில் நுழைதலும் குற்றமென உடன்படிக்கை விதித்திருந்தது. எனினும் சில ஆண்டுகளுக்குள்ளேயே கோப்பித் தோட்டங்களுக்கென அதே தென்னாட்டிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர் தருவிக்கப்பட்டனர். மன்னாரில் இறங்கிக் காடுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியில் மாண்டவர் மிகப்பலர். தேயிலையை வளர்த்த அவர்தம் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் குடியுரிமை இழந்தனர். நாடற்றவராய் எஞ்சியிருந்தோர் அதனைப் பெற 2003 வரை காத்திருந்தனர்.

டெயிலர் லூல்கந்துரத்தை விட்டு நீங்காமலே 1892இல் இறந்தார். அவர் சடலத்தைத் தோட்டத் தொழிலாளர் மாறிமாறித் தோளிற் சுமந்து, மலையிறங்கிக் கண்டிவரை கொண்டுவந்தனர் என்பர். மகியாவை மயானத்தில் அவர் கல்லறை இருக்கின்றது.