உங்களுக்குத் தெரியுமா? கொலை வழக்கில் வக்கீலுக்கு இடமில்லை!

முதலாம் எலிசபெத் ஆண்ட இங்கிலாந்தில் (1558–1603) கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் தமக்காக வாதாட வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. சட்ட நுணுக்கம் பற்றிய கேள்வி எழுந்தால் மட்டுமே விதிவிலக்கு. மற்றபடி உயிர் போகிற வழக்கிலும் தானே பேசித் தப்ப வேண்டியதுதான். கடன் பாக்கிக்கும் நிலத் தகராறுக்கும் வக்கீல் உண்டு என்பதுதான் வேடிக்கை! இந்த நிலை முழுதாக மாறியது 1836-இல்.

அந்தக் காலத்து வக்கீலைத் துப்பறிவாளராக்கி நாவல் எழுதுகிறவர்களுக்கு இதனால் பெரிய சங்கடம். நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்து குட்டை உடைக்கும் காட்சிக்கு வழியில்லை. உண்மையை வெளியே அலைந்துதான் தேட வேண்டும். கதைக்கு அது நல்லதே.

இந்த வகை நாவல்களில் புகழ்பெற்ற பாத்திரமான மேத்யூ ஷார்ட்லேக், லண்டனின் லிங்கன்ஸ் இன் என்ற வக்கீல் சங்கத்தைச் சேர்ந்தவர். கதைகள் பெரும்பாலும் எலிசபெத்தின் தந்தை எட்டாம் ஹென்றியின் காலத்தவை. 1549-இல் நடக்கும் ‘டூம்லேண்ட்’ நாவலில், இன்னும் அரியணை ஏறாத இளம் எலிசபெத்துக்காகவே அவர் வேலை செய்கிறார். ஷார்ட்லேக்கைப் படைத்த சி. ஜே. சான்சமும் வக்கீலாக இருந்தவர்தான்.

எலிசபெத் காலத்தில் நிஜ மர்மமும் உண்டு. 1593 மே 30-இல் நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோ டெப்ட்ஃபோர்டில் குத்திக் கொல்லப்பட்டார். அரச மாளிகையின் மரண விசாரணை அதிகாரி வில்லியம் டேன்பி, 16 ஜூரிகளோடு விசாரித்தார். சாப்பாட்டுக் கணக்கில் சண்டை, தற்காப்புக்காகக் குத்தியது என்று முடிவு. குத்திய இங்கிராம் ஃப்ரைசருக்கு ஒரே மாதத்தில் மன்னிப்பு! அந்த விசாரணை அறிக்கை ஆவணக் காப்பகத்திலிருந்து வெளிவந்து அச்சேறியது 1925-இல்.